கட்டுரையில் என் பெயர் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மருத்துவ பீடத்துக்குப் போகாமல், வேறு படிப்புப் படித்து, வேலை பார்த்து, முப்பதைத் தொட்ட பிறகு அந்தக் கதவைத் தட்டுகிறவர்களின் கடிதங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. இம்முறை அவற்றையே எடுத்துக்கொண்டேன். புதிய வாசகர்களுக்கு ஒன்று: நான் வைத்தியர் அல்ல. பொரளைப் பக்கத்தில் வைத்தியர்களின் ஆய்வுகளுக்குப் புள்ளிவிபரம் பார்த்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். ஆகவே முதல் கடிதத்தை வாசித்தபோது வந்த கோபத்தில் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு.

*

அன்புள்ள அம்மா, எனக்கு வயது 32. அமெரிக்காவில் உயிரியலும் கணிதமும் படித்துப் பட்டம் பெற்றேன். அப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் திரும்பி வந்து, கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வாளராக வேலை பார்க்கிறேன். இப்போது கணவருக்கும் எனக்கும் அமெரிக்க நிரந்தர வதிவிட விசா கிடைத்திருக்கிறது. அங்கே போய் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு வைத்திய நிபுணர் தம்முடைய டெங்கு ஆய்வுக்கு உதவி கேட்டார். நானூறுக்கு மேற்பட்ட பெட்-ஹெட் டிக்கெட்டுகளிலிருந்து (வாட்டில் நோயாளிக்கு எழுதும் குறிப்பேடுகள்) எடுத்த தரவைத் துப்புரவாக்கி, பகுப்பாய்வு செய்து, அட்டவணைகள் எல்லாம் தயாரித்துக் கொடுத்தேன். கட்டுரை வெளிவந்தபோது ஆறு வைத்தியர்களின் பெயர்கள் மேலே இருந்தன. 'கணினி உதவிக்கு நன்றி' என்று நான் அடியில் இருந்தேன். இப்போது இரண்டாவது ஆய்வுக்குக் கூப்பிடுகிறார். பெயர் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று அம்மா பயப்படுகிறார். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒருவர், பணம் கட்டினால் தயாராக இருக்கும் ஒரு கட்டுரையில் ஐந்தாவது பெயராக என்னைச் சேர்ப்பதாகச் சொல்கிறார். கையில் ஒரு கட்டுரையாவது இல்லாமல் என் வயதில் விண்ணப்பித்தால் எடுபடுமா?
– ச., வெள்ளவத்தை

மகள், அம்மாவிடம் சொல்லுங்கள்: கேட்கலாம். எக்செல் கோப்பைத் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பெயர் கேட்பவர் சங்கடம் தருகிறவராகத் தெரிவார். தொடங்கும்போதே கேட்பவர் ஒழுங்கானவராகத் தெரிவார். கேள்வி ஒன்றுதான்.

கேட்பதற்கு உங்களுக்கு என்ன தகுதி என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு என்று ஒன்று இருக்கிறது. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய சில இதழாசிரியர்களிடமிருந்து வளர்ந்தது. யாரைக் கட்டுரையாசிரியர் என்று சொல்லலாம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலைத்தான் பெரும்பாலான மருத்துவ இதழ்கள் பின்பற்றுகின்றன. அதில் நான்கு நிபந்தனைகள். ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவு சேகரிப்பதிலோ, பகுப்பாய்விலோ, விளக்கம் சொல்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியிருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் இறுதி வடிவத்துக்குச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றியாவது கேள்வி எழுந்தால், அதற்குச் சரியான விசாரணையும் பதிலும் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும். இந்த நான்காவதை 2013இல் சேர்த்தார்கள். நான்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவருக்கு நன்றியுரையே இடம்.

"பார்த்தீர்களா, நான் கட்டுரையை எழுதவில்லையே, அப்படியானால் நன்றியுரைதானே சரி" என்று நீங்கள் சொல்லக்கூடும். உங்களை எழுத விடாதவரும் அதையே சொல்வார். ஆனால் அதே வழிகாட்டியில் பலர் வாசிக்காமல் தாண்டிப் போகும் ஒரு பத்தி உண்டு. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எவருக்கும் மற்றவற்றை நிறைவேற்றும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். வரைவைக் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, "நீ வரைவைத் திருத்தவில்லையே" என்று கழித்துவிடக் கூடாது. உங்கள் முதல் கட்டுரையில் நடந்தது அதுதான். நானூறு பெட்-ஹெட் டிக்கெட் தரவைத் துப்புரவாக்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒருவருடைய கையெழுத்தில் இரத்தத் தட்டுக்கள் பதினையாயிரமா ஒன்றரை இலட்சமா என்று புரியாது. காய்ச்சல் தொடங்கிய நாளும் வாட்டில் அனுமதித்த நாளும் இடம் மாறியிருக்கும். இதற்குக் 'கணினி உதவி' என்று பெயர் வைத்தவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

ஆனாலும் அந்தக் கட்டுரைக்காக இப்போது சண்டைக்குப் போக வேண்டாம். வெளிவந்த கட்டுரையில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் இதழாசிரியர் தாமே தீர்ப்புச் சொல்ல மாட்டார், அவர்களுடைய நிறுவனத்திடம் விசாரிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். உங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. அதற்குப் பதிலாக அந்த நிபுணரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். எந்த ஆய்வு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்னென்ன பகுப்பாய்வை நீங்கள் தனியாகச் செய்தீர்கள் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பெயர் கேட்டால் தயங்குகிறவர்கூடக் கடிதம் கொடுக்கத் தயங்குவது அபூர்வம். நாளைக்கு விண்ணப்பத்தில் ஆய்வு அனுபவம் என்று எழுதும்போது அதுதான் உங்கள் ஆதாரம்.

'யார் கண்டுபிடித்தது' என்ற சண்டை ஒன்றும் புதிதில்லை. பொரளையில் இருக்கும் மருத்துவ ஆய்வு நிறுவகம் பக்றீரியவியல் நிலையமாக இருந்த காலத்தில், 1903இல் அதைப் பொறுப்பேற்க வந்தவர் அல்டோ காஸ்தெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர். 1905இல் யாஸ் என்ற தோல்நோயின் கிருமியைக் கொழும்பில் வைத்தே இனங்கண்டார். ஆனால் அவர் கப்பலேறி இங்கே வரும்போதே ஒரு சர்ச்சையையும் சுமந்துகொண்டுதான் வந்தார். உகண்டாவில் தூக்க நோயாளரின் முதுகுத்தண்டு நீரில் ஒட்டுண்ணியை முதலில் கண்டவர் தாமா, பின்னர் அங்கே வந்து சேர்ந்த பிரித்தானிய இராணுவ வைத்தியர் டேவிட் புரூஸா என்ற சர்ச்சை. அது பல ஆண்டுகள் இழுபட்டது. எனக்குப் பிடித்த வாத்தியார் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "இருவரும் ஒரே மேசையில் இருந்தபோது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்" என்பார்.

உங்கள் தாளுக்கு வருவோம். இரண்டாவது ஆய்வைப் பற்றி அவர் கூப்பிட்டிருக்கிறார் அல்லவா, தொலைபேசியில் பேசுங்கள், பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

"டொக்டர், புதிய ஆய்வில் சேர்ந்து வேலை செய்ய எனக்கு மிகுந்த விருப்பம். இம்முறை புள்ளிவிபரத் திட்டத்தை எழுதுவதிலிருந்து பகுப்பாய்வு, முடிவுகள் பகுதியை எழுதுவது வரை பொறுப்பெடுக்க நினைக்கிறேன். வரைவுகளையும் வாசித்துக் கருத்துச் சொல்வேன். அப்படிச் செய்தால் கட்டுரையாசிரியர்களில் ஒருவராக என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா? ஒழுக்கவியல் குழுவுக்கான விண்ணப்பத்தில் இணை ஆய்வாளராக என் பெயரையும் போட முடியுமானால் நல்லது. பெயர் வரிசையைத் தொடக்கத்திலேயே ஒருமுறை பேசிக்கொண்டு, வேலைப் பங்கு மாறினால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்."

இதில் கோபிக்க என்ன இருக்கிறது? கோபித்தால், இந்த வேலையை ஏற்காமல் விடுவதற்கான காரணமும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

ஒழுக்கவியல் குழு விண்ணப்பத்தை நான் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், நோயாளர் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கு அந்த அனுமதி தரவு சேகரிக்கும் முன் எடுக்க வேண்டியது. எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றால் கொடுக்க மாட்டார்கள். ஆய்வாளர்கள் யார் என்று முதன்முதலில் எழுத்தில் பதிவாகும் இடமும் அதுதான். அங்கே பெயர் இருப்பவரைக் கடைசியில் நன்றியுரைக்குத் தள்ளுவது கடினம். அங்கே இல்லாத ஒரு துறைத் தலைவர் கட்டுரையில் திடீரென்று இரண்டாவது பெயராகத் தோன்றுவதும் அவ்வளவு எளிதில்லை. ஒன்றும் செய்யாதவருக்குப் பதவிக்காகக் கொடுக்கும் பெயர் பற்றி நான் இங்கே எழுதத் தொடங்கினால் இதழாசிரியர் கத்தரியைத் தேடுவார்.

பல இதழ்கள் இப்போது யார் என்ன செய்தார் என்று கட்டுரையின் முடிவில் எழுதச் சொல்கின்றன. கருத்தாக்கம், தரவுப் பராமரிப்பு, முறைசார் பகுப்பாய்வு, காட்சிப்படுத்தல், முதல் வரைவு என்று 14 பங்குகள் கொண்ட ஒரு பட்டியல் அதற்கென்றே உண்டு. முன்கூட்டியே அதை எடுத்து உங்களுக்குப் பொருந்துவதைக் குறித்துக்கொண்டு பேசப் போங்கள். "எனக்கும் ஒரு பெயர் போடுங்கள்" என்பதைவிட, "இந்த நான்கு பங்கும் என்னுடையவை" என்பது கேட்பவருக்கும் எளிது.

நிறுவனப் பெயராக என்ன போடுவது என்ற கேள்வி அடுத்து வரும். காப்புறுதி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதன் பெயரைப் போட வேண்டாம். 'சுயாதீன ஆய்வாளர், கொழும்பு' என்பதைப் பல இதழ்கள் ஏற்கின்றன. காப்புறுதித் துறையில் சம்பளம் வாங்குவதை நலன் முரண்பாட்டுப் பகுதியில் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அது ஒரு விடயமே அல்ல.

இன்னொன்று. ஏன் எப்போதும் அடுத்தவரின் ஆய்வுக்கு அட்டவணை போட வேண்டும்? சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. எவரும் இலவசமாக எடுக்கலாம். டெங்கு, எலிக்காய்ச்சல் போன்ற அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் மாவட்டவாரியாக அதில் இருக்கும். கல்முனைக்குத் தனி வரி உண்டு, மாவட்டம் 25தானே என்று குழம்பாதீர்கள். 2017ஆம் ஆண்டின் பெரிய பரவலில் நாட்டில் 186,000க்கு மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளர்கள் பதிவானார்கள். அந்த எண்ணிக்கையெல்லாம் வாரவாரமாக அங்கே கிடக்கிறது. அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, முழுமையாக வந்தனவா என்ற விகிதங்களையும் அதே அட்டவணையின் கடைசி நிரல்களில் கொடுக்கிறார்கள்.

உங்கள் தொழில் இங்கேதான் கைகொடுக்கும். காப்புறுதியில், விபத்து நடந்தும் இன்னும் அறிவிக்கப்படாத இழப்பீடுகளை மதிப்பிடுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? தாமதமாக அறிவிக்கப்படும் நோயாளர் எண்ணிக்கையை மதிப்பிடுவதும் அடிப்படையில் அதே கணக்கு. வாட்டில் நிற்கும் நிபுணருக்கு இது தெரியாமல் இருக்கலாம், உங்களுக்கு அன்றாட வேலை. ஒரு சமூக மருத்துவ நிபுணரைத் தேடிப் பிடித்து, "எனக்கு இப்படி ஒரு யோசனை இருக்கிறது, நோயறிவு உங்களுடையது, கணக்கு என்னுடையது" என்று சொல்லுங்கள். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையது. பொதுவெளியில் இருக்கும் தொகைத் தரவு என்றாலும், ஒழுக்கவியல் அனுமதியிலிருந்து விலக்கு என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது புத்தி. இதழ்கள் கேட்கும்.

இனி, எடுபடுமா என்ற கேள்வி. அமெரிக்காவில் எம்.டி. (அங்கே வைத்தியராவதற்கான பட்டம்) கல்லூரிகளில் பெரும்பாலானவை ஒரே பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. மே மாதத் தொடக்கத்தில் திறக்கும் விண்ணப்பம் அடுத்த ஆண்டு வகுப்புக்கானது. வேலை, தொண்டு, ஆய்வு எல்லாம் சேர்த்து 15 அனுபவங்கள் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகளுக்குத்தான் இடம். அவற்றில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்துக் கூடுதலாக எழுதலாம். ஆய்வு ஒரு வகை, வெளியீடு வேறொரு வகை. ஆக, கட்டுரை இல்லாதவருக்கும் ஆய்வைப் பற்றி எழுத இடம் இருக்கிறது. இதழுக்கு அனுப்பிப் பதில் வராத கட்டுரையை வெளியீடு என்று எழுத வேண்டாம். ஆய்வு அனுபவத்தின் உள்ளே 'இதழுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு ஏற்கப்பட்டால், புதுத் தகவல் வாங்கிக்கொள்ளும் கல்லூரிகளுக்குத் தனியாக எழுதலாம்.

ஆய்வையே பெரிதாக நினைக்கும் கல்லூரிகளும், எம்.டி.யோடு முனைவர் பட்டமும் சேர்ந்த படிப்புகளும் இருக்கின்றன. அங்கே குறி வைத்தால் ஆய்வு அனுபவம் ஆழமாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் கட்டுரை இல்லாமல் தினமும் ஆட்களை எடுக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் கட்டுரையைப் பற்றிய கவலை மட்டும்தான் இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை. எம்கேட் என்ற நுழைவுப் பரீட்சைக்கு எப்போது அமரப் போகிறீர்கள்? பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எடுத்த புள்ளியையே பார்க்கும். பத்து வருடத்துக்கு முன் படித்த இரசாயனத்தை, உயிரியலை மறுபடி படிக்கச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. நோயாளரின் பக்கத்தில் நின்ற அனுபவம் ஏதாவது இருக்கிறதா? அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தைச் சிறிதாக நினைக்க வேண்டாம். இழப்பீட்டுக் கோப்புகளில், ஒரு சத்திரசிகிச்சைக் கட்டணம் எத்தனை குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு வயதில் விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அது கிடைக்காது.

வாட்ஸ்அப்காரருக்குப் பதில் எழுதவே வேண்டாம், எண்ணைத் தடை செய்யுங்கள். கட்டுரைத் தொழிற்சாலைகள் செய்யும் வியாபாரம் அது. 2023இல் ஹிந்தாவி என்ற ஒரே வெளியீட்டாளரின் இதழ்களிலிருந்து 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. மீளப்பெற்றாலும் கட்டுரை இணையத்திலிருந்து மறைந்துவிடாது. 'மீளப்பெறப்பட்டது' என்ற முத்திரையோடு, கட்டுரையாசிரியர் பெயர்களோடு, அப்படியே நிற்கும். அதற்கு முன்பே நேர்முகத்தில் ஒரு பேராசிரியர், "இந்த ஆய்வுக்கு ஏன் இத்தனை நோயாளரை எடுத்தீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்பார். பணம் கட்டி ஐந்தாவது பெயரானவர் என்ன சொல்வார்?

நல்ல இதழா என்று பார்ப்பதற்கு: பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் அந்த இதழின் கட்டுரைகள் வருகின்றனவா, திறந்த அணுகல் இதழ்களின் கோப்பகத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். கூகிள் ஸ்கொலரில் வருவது சான்று அல்ல, அதில் எதுவும் வரும். மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு நான்காம் நாள் பணம் கேட்கும் இதழ் இதழே அல்ல. வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்ற மயக்கமும் வேண்டாம். இலங்கை மருத்துவச் சங்கம் வெளியிடும் 'சிலோன் மெடிக்கல் ஜேர்னல்' 1887இல் தொடங்கியது, பப்மெட்டில் இருக்கிறது. அங்கே ஒரு கட்டுரையை ஏற்க வைப்பது ஒன்றும் சுலபமான காரியம் இல்லை.

*

வணக்கம் அம்மா. நான் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், வயது 28. ஓர் இரவுப் பணியில், டெங்கு என்று சந்தேகித்து அனுப்பிய இரத்த மாதிரியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டேன். நோயாளி ஆபிரிக்காவிலிருந்து வந்தவர். இப்போது வைத்தியர் அதைத் தனிநோயாளர் அறிக்கையாக எழுதுகிறார். என் பெயர் வர வேண்டாமா? அவுஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்.
– ம., தெஹிவளை

தம்பி, முதலில் கை கொடுக்கிறேன். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்த பிறகு, அந்த ஒட்டுண்ணியைக் கண்ணாடித் தகட்டில் கண்ட இளம் தொழில்நுட்பவியலாளர்கள் குறைவு. யாரும் கேட்காமலே பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் மேலே சொன்ன அளவுகோலின்படி பேசினால், சம்பளத்துக்குச் செய்யும் வழமையான பரிசோதனை ஒன்று மட்டும் உங்களைக் கட்டுரையாசிரியர் ஆக்காது. அதற்குமேல் ஏதாவது செய்யுங்கள். தகட்டின் நல்ல படங்களை எடுத்துக் கொடுங்கள் (நோயாளியின் பெயர் ஒட்டிய சீட்டுப் படத்தில் விழக் கூடாது, உங்கள் தொலைபேசியிலும் தங்கக் கூடாது). எந்தச் சாயம், எத்தனை மடங்கு பெரிதாக்கம், எந்த இனம், இரத்தத்தில் எவ்வளவு அடர்த்தி, ஏன் முதல் பரிசோதனையில் தவறவிடப்படலாம் என்று ஆய்வுகூடப் பத்தியை நீங்களே எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் கொடுங்கள். வரைவையும் வாசிக்கக் கேளுங்கள். பத்தி கையில் இருக்கும்போது பெயர் கேட்பது எளிது. நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வாங்கியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். அவர் நாட்டை விட்டுப் போன பிறகு அதைத் தேடுவது பெரும்பாடு.

அவுஸ்திரேலியாவுக்கு இது எவ்வளவு உதவும் என்றால், கொஞ்சம்தான். அங்கே பெரும்பாலான பட்டதாரி மருத்துவப் படிப்புகள் பட்டப் புள்ளிச் சராசரி, கம்சாட் என்ற நுழைவுப் பரீட்சை, நேர்முகம் இந்த மூன்றையும் வைத்தே தீர்மானிக்கின்றன. ஆகவே சில வார இறுதிகளை இதற்குக் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். கம்சாட்டில் கட்டுரை எழுதும் பகுதி ஒன்றும், இலக்கியம், சமூகவியல் வாசித்து விளங்கிக்கொள்ளும் பகுதி ஒன்றும் உண்டு. ஆய்வுகூடப் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். நேர்முகத்தில் அந்த இரவைச் சொல்லுங்கள். யாரை எழுப்பினீர்கள், அவர் நம்பினாரா, இரண்டாவது தகடு எப்படிப் போட்டீர்கள் என்று சொன்னால் கேட்பார்கள்.

*

மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டு முறை எழுதியும் மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குச் சிறிது குறைகிறது. ஆய்வுக் கட்டுரை ஒன்று இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு முகவர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பொய். அரச மருத்துவ பீடங்களுக்கு இசட் புள்ளியே வழி. 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையில், 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கட்டுரைக்கு அதில் புள்ளி கிடையாது. மூன்றாம் முறை எழுதலாம், அதற்கு நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், பணம் கட்டுமுன் இலங்கை மருத்துவ சபைக்கு நேரில் போய், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா, மகனின் உயர்தரப் பெறுபேறு போதுமா, திரும்பி வந்து எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். முகவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வருகிறாரா பார்ப்போம்.

*

கட்டுரையின் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்தது. அதையும் கட்டுரையாசிரியராகப் போட வேண்டுமா?
– ர., பம்பலப்பிட்டி

கூடாது. பொறுப்பேற்க முடியாத ஒன்று கட்டுரையாசிரியராக முடியாது என்று மேலே சொன்ன அதே சர்வதேசக் குழு 2023இல் எழுதிவிட்டது. எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை இதழுக்கு அனுப்பும்போதே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையையும் தேடி எடுத்து வாசியுங்கள். சில உலகத்திலேயே இருக்காது.

*

என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முதலிலும் என் பெயர் பின்னாலும் இருக்கின்றன. அலுவலகத்தில் முதலெழுத்தோடு எழுதுகிறேன். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். முதல் ஆய்வுக் கட்டுரை வரப்போகிறது. எந்தப் பெயரைக் கொடுப்பது?
– த., கொட்டாஞ்சேனை

இந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பக்கம் கேட்டால் தருவார்களா தெரியவில்லை. பப்மெட் போன்ற தளங்கள் குடும்பப் பெயர் ஒன்றை எதிர்பார்க்கும். நம்மிடம் அது இல்லை. கடைசியில் வருவதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் பெயரைப் பின்னால் எழுதினால் உங்கள் பெயர் முழுமையாகவும் அப்பா முதலெழுத்தாகவும் பதிவாகும். அப்பாவின் பெயரைப் பின்னால் எழுதினால் அவர் முழுமையாகத் தெரிவார், நீங்கள் ஓர் எழுத்தாகிவிடுவீர்கள். ஒரே ஆளின் இரண்டு கட்டுரைகள் இரண்டு ஆட்களுடையவையாகப் பிரிந்து கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் கடவுச்சீட்டின்படி போகும். எனவே கட்டுரைக்கும் கடவுச்சீட்டின் வரிசையையே கொடுங்கள். உங்கள் விடயத்தில் அது வசதியாகவே அமைகிறது, உங்கள் சொந்தப் பெயர் பின்னால் வருகிறது. முதலெழுத்தாகச் சுருக்காமல் அப்பாவின் பெயரை முழுமையாக எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது. 'த'வுக்குப் பின்னால் எச் போடுவதா இல்லையா என்பதை இன்றே தீர்மானியுங்கள்.

கட்டுரையை அனுப்பும் முன் ஓர்சிட் என்ற, ஆய்வாளர்களுக்கான அடையாள இலக்கம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், 16 இலக்கங்கள், வாழ்நாள் முழுவதும் அதுவே. பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கணவர் பெயரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இருவருடைய விடயம். சேர்த்தால் ஓர்சிட் பக்கத்தில் 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தில் பழையதையும் புதியதையும் போட்டுவிடுங்கள். இதழுக்கு அனுப்பும் படிவத்தை நிரப்புபவர் நீங்கள் இல்லையென்றால், அனுப்பு என்ற பொத்தானை அவர் அழுத்தும் முன் உங்கள் பெயர் இருக்கும் வரியைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.